நியாயமாக எல்லை போடுகிறவர்

எல்லை போடுகிறவர் என்றோர் இனம் நம்மிடையே உலாவுகிறது. பிரதேச சபைத் தேர்தல் வரப்போகிறது என்று யாராவது லேசாக இருமினால் போதும், வெளியே வந்துவிடும். நீங்கள் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். அவர் எதிரே வந்து குந்துவார், உங்கள் கோப்பைக்குள் விரலை விட்டு மேசையில் ஓர் ஆற்றை இழுப்பார், தட்டிலிருந்த பணிஸை வைத்து "இது டவுன்" என்பார், வடையை வைத்து "இது நம்ம தோட்டம்" என்பார், பேச்சு வேகத்தில் தோட்டத்தைத் தின்றும் விடுவார்.

யாருடைய வடை? உங்களுடையதுதான்.

ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றின் சங்கத் தலைவர் சின்னத்தம்பி இந்த இனத்தின் சிகரம். அவர் சொன்ன குறையில் பொய்யில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல் லயங்கள் ஒரு தேர்தல் வட்டாரத்தில், கீழ் லயங்கள் இன்னொன்றில். இரண்டிலும் தோட்டத்து வாக்கு ஜெயிக்கப் போதாது. அதனால் சபையில் தோட்டத்து ஆள் இல்லை, ஆள் இல்லாததால் பாதை இல்லை, பாதை இல்லாததால் மழை நாளில் பிள்ளைத்தாய்ச்சியைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டுதான் மலை இறங்கவேண்டும்.

எல்லையைத் திருத்தவென்று ஒரு குழு வந்து கூட்டம் போட்டது. சின்னத்தம்பி சிங்களத்தில் பொழிந்து தள்ளிவிட்டு, கைதட்டலுக்காகத் தமிழில் முடித்தார்: "தோட்டமும் ஒண்ணு, வட்டாரமும் ஒண்ணு! நியாயம்னா இதுதாங்க!"

டவுனில் சில்லறைக் கடை வைத்திருக்கும் றஊப் நானா துள்ளி எழுந்தார். "அப்ப பாலத்தடி ஊடெல்லாம் எங்கட டவுனோட ஈக்கோணும், தலைவர்!"

"அது தோட்டத்துக்குங்க!"

"டவுனுக்கு!"

தோட்டத்துக்கும் டவுனுக்கும் நடுவே கிடக்கும் அந்தப் பாலத்தடி வீட்டுக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களை யார் கேட்டார்?

குழு ஆச்சரியமான ஒரு காரியம் செய்தது. பாலத்தடியைக் கேட்டது, அவர்கள் டவுன் என்றார்கள், டவுனுக்குக் கொடுத்தது. தோட்டத்தை ஒரே வட்டாரமாக்கியது. பட்டாசு வெடித்தது. சின்னத்தம்பி சபைக்குப் போட்டுப்போக வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தார்.

சட்டைக்கு அளவு எடுத்த கையோடு கோயிலடியில் வேட்பாளரைத் தெரிவுசெய்ய ஊர் கூடியது. இறப்பர்ப் பால் வெட்டும் மருதாயி எழுந்தாள்.

"இவ்வளவு நாளா ரெண்டாக் கெடந்தோம், எப்படியும் தோக்கப் போறோம்னு தலைவரப் போட்டோம். இப்பதான் ஜெயிக்கப் போறோமே! நல்ல ஆளாப் போடுவோங்க."

சிரிப்பு அடங்க நேரமானது. நல்ல ஆளாக எல்லோரும் காட்டியது பிரேமலதாவை. பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். சின்னத்தம்பி கோபத்தில் சுயேச்சையாக நின்றார். தோற்றார். அவர் பெண்சாதி யாருக்குப் போட்டாள் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை, பயம்.

பிரேமலதா சபையில் கத்தினாள், கெஞ்சினாள், விடாமல் நின்றாள். பாதைக்குக் கொங்கிரீட் வந்தது. வாகனம் லயத்து வாசல் வரை ஏறுகிறது. அந்தப் புதுக் கொங்கிரீட்டின் மேல் குந்தி, சோக்குக் கட்டியால் கோடு இழுத்தபடி சின்னத்தம்பி இப்போது விளக்குகிறார்: "மேல் லயம் வேற, கீழ் லயம் வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டது எந்த ஊரு நியாயங்க?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாளைக்கு இரத்தினபுரி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஏறி, "எல்லாரும் சமமா இருப்போமே" என்று பக்கத்தில் இருப்பவரை இன்னும் கொஞ்சம் நகர்த்துவீர்கள் பாருங்கள், அப்போது மட்டும் சற்றே குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்: அந்தச் சமத்தில் மடியில் வைக்கவேண்டிய உங்கள் பைக்கும் சேர்த்தா இடம் பிடித்திருக்கிறீர்கள்?