ஐந்தாவது பின்னூட்டம்

பல்செட்காரரின் கதைக்கு நான்கு பின்னூட்டங்கள் வந்திருந்தன. ஐந்து வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் வேண்டும்.

அவர் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் செயற்கைப் பல் செய்கிறவர். பகலில் மெழுகு, பிளாஸ்டர் அச்சு, அரம். மாலையில் கதை. எழுதியதை இணையத்தில் இருக்கும் ஓர் எழுத்தாளர் குழுவில் போடுவார். அங்கே அவருக்கு ஒரு புனைபெயர் உண்டு. நமக்குப் பல்செட்காரர் என்பதே போதும்.

குழுவில் நூற்று அறுபத்து நான்கு பேர். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற நூலகர். இந்த வருடம் நல்ல கதை, கவிதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுவதென்று முடிவாகியிருந்தது. ஐந்து பேராவது கருத்துச் சொன்னால்தான் ஒரு படைப்பு பரிசீலனைக்கே போகும் என்று நூலகர் விதி வகுத்திருந்தார்.

பல்செட்காரருக்கு அந்தப் புத்தகம் எப்படியாவது வேண்டியிருந்தது. பதினோரு வருடமாக அவர் எழுதியதில் ஒரு வரியைக்கூட அவர் மனைவி படித்ததில்லை. போனில் படித்தால் கண் வலிக்கிறது, அச்சில் வந்தால் கட்டாயம் படிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அதே போனில் நாள் முழுக்கத் துணி விளம்பரம் பார்க்கும்போது மட்டும் கண் வலிக்காதா என்று கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிவரை பொறுத்துப் பார்த்தார். பிறகு மனைவியின் பழைய போனை எடுத்து, ‘எளிய வாசகன்’ என்ற பெயரில் ஒரு கணக்கு தொடங்கினார். முகப்புக்கு ஒரு பூனைப் படம். தன் கதைக்குக் கீழே, “கண் கலங்கிவிட்டது, தொடர்ந்து எழுதுங்கள்” என்று எழுதினார். எழுதி முடித்ததும் உண்மையாகவே கொஞ்சம் கலங்கினார்.

ஐந்தாவது நிமிடத்தில் நூலகர் வந்து புதியவரை வரவேற்றார். பின்னாலேயே கடலோரக் கவிதாயினி வரவேற்றார், முன்னாள் ராணுவத்துக்காரர் வரவேற்றார். என்ன படிப்பீர்கள், என்ன வேலை, எத்தனை மணிக்கு இணையத்துக்கு வருவீர்கள் என்று ஆளாளுக்குத் துளைத்தார்கள். பாஸ்போர்ட் விசாரணைக்கு வருகிறவர்கூட இத்தனை கேட்கமாட்டார். கடைசியில் ராணுவத்துக்காரர், ஒரே ஒருவரின் கதையை மட்டும் பாராட்டிவிட்டுப் போவது வாசகனுக்கு அழகா என்று ஒரு வரி போட்டார்.

கள்ளக் கணக்கு என்று தெரிந்தால் ஆளைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள், கதையும் கூடவே போய்விடும். ஆகவே எளிய வாசகன் மற்றவர்களையும் படிக்க வேண்டியதாயிற்று.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கடைவாய்ப் பல் ஒன்று மயிரிழை உயர்ந்திருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. அந்தக் கண்ணோடு கவிதாயினியின் பன்னிரண்டு வரிக் கவிதையைப் படித்து, இதில் ஏழு இடத்தில் அலை அடிக்கிறது, மூன்று போதும் என்றார். ராணுவத்துக்காரர் கதையில் முதல் பக்கத்தில் கையை இழந்த வீரன் நாலாம் பக்கத்தில் கைதட்டுகிறானே, எப்படி என்று கேட்டார்.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். இப்படி ஒரு வாசகன் கிடைக்க என்ன தவம் செய்தோமோ என்று நூலகர் எழுத, அதற்கு எண்பத்தேழு இதயங்கள் விழுந்தன. பதினோரு வருடத்தில் பல்செட்காரருக்கு மொத்தமாகக்கூட அத்தனை விழுந்ததில்லை. எளிய வாசகன் மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது. அதை வெளியே சொல்லவும் முடியவில்லை.

மறுநாள் கவிதாயினி ஒரு கேள்வி கேட்டார். எங்களையெல்லாம் கிழித்துத் தொங்கவிடுகிறீர்கள், அந்த ஒரு கதைக்கு மட்டும் கண் கலங்கிவிட்டுப் போகிறீர்களே, அது என்ன கணக்கு?

சந்தேகத்தைத் துடைக்க வேறு வழி தெரியவில்லை. எளிய வாசகன் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார்: முதல் பாதி நன்று, இரண்டாம் பாதி இழுவை. உடனே, முன்பு பாராட்டிய நான்கு பேரும் தாங்களும் அப்போதே அப்படித்தான் நினைத்ததாகச் சொல்லிப் பின்வாங்கினார்கள். இரண்டு பேர் தங்கள் பின்னூட்டத்தையே அழித்துவிட்டார்கள். ஐந்து மூன்றாயிற்று.

இனி அந்தக் கதைக்காகப் பேச அதை எழுதியவரை விட்டால் நாதியில்லை. பல்செட்காரர் சொந்தப் பெயரில் இறங்கி, அது இழுவை அல்ல, ஆழம் என்றார். எளிய வாசகன் பதில் சொல்லாவிட்டால் பயந்துவிட்டதாக ஆகிவிடும் என்பதால் பதிலையும் அவரே எழுதினார். வலது கையில் ஒரு போன், இடது கையில் ஒரு போன், இரண்டிலும் பிளாஸ்டர் மாவு. மூன்று நாள் சண்டை நடந்தது. சண்டையில் எளிய வாசகன்தான் நன்றாகப் பேசினார். பல்செட்காரருக்கு ஒரு கட்டத்தில் நிஜமாகவே ஆத்திரம் வந்து, உமக்கெல்லாம் கதையைப் பற்றி என்ன தெரியும் என்று எழுதிவிட்டார்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா இரண்டு பல்செட்டோடு பின்னறைக்கு வந்தார்.

“ரெண்டு பேருக்கு மாத்திக் குடுத்திருக்கீங்க. ஒருத்தருக்கு வாய் மூட மாட்டேங்குது, இன்னொருத்தருக்குத் திறக்கவே மாட்டேங்குது. வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

“இல்ல டாக்டர். வெளியில ஒரு ஆளோட கொஞ்சம் தகராறு.”

“அந்த ஆளை நேர்ல பார்த்துப் பேசி முடிங்க. இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்.”

அன்று மாலையே எளிய வாசகன் பல்செட்காரரைப் பெருந்தன்மையோடு மன்னித்தார். தனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று நாலு வரி எழுதினார். குழு உருகிப்போயிற்று. அந்தப் பெருந்தன்மைக்காகவே அவரைத் தொகுப்பின் தேர்வாளராக்கிவிட்டார்கள். அப்பாடா, இனி நம் கதையை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று பல்செட்காரர் மூச்சு விட்டார்.

விட்ட மூச்சை இழுப்பதற்குள் நூலகரின் அறிவிப்பு வந்தது. இப்படிப்பட்ட மனிதரை அவமதித்தவர், ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டில் அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். தவறினால் நீக்கம். எளிய வாசகனும் அவசியம் வரவேண்டும், அவருடைய கையைக் குலுக்கக் காத்திருக்கிறேன் என்று எழுதி, கீழே முகவரியும் கொடுத்திருந்தார்.

மனைவியின் தம்பியை எளிய வாசகனாக அழைத்துப் போகலாமா என்று பார்த்தார். யாரையாவது திட்ட வேண்டியிருக்குமா என்று மச்சான் ஆர்வமாகக் கேட்டார். வேண்டாம், கை குலுக்கினால் போதும் என்றதும், அதற்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள முடியாது என்று போனை வைத்துவிட்டார்.

பொய்யைத் தூக்கிச் சுமக்கப் பல்செட்காரருக்கு அதற்கு மேல் தெம்பு இல்லை. உள்ளதைச் சொல்லிவிட்டு வந்துவிடுவதென்று தனியாகவே போனார். மூன்றாவது மாடி. மணியடிப்பதற்குள் நூலகரின் மனைவி கதவைத் திறந்துவிட்டார். மேசையில் புது விரிப்பு, மூன்று நாற்காலி, மூன்று கோப்பை, ஒரு தட்டு நிறைய பிஸ்கட். நூலகர் உள்ளறையில் நாலாவது சட்டையை மாற்றிக்கொண்டிருப்பதாக அந்த அம்மா சொன்னார்.

“நேத்துலேர்ந்து கால் தரையில நிக்கல அவருக்கு. இன்னொருத்தர் எங்கே, பின்னாடி வர்றாரா?”

நூலகரின் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட இவரிடம் சொல்வது சுலபமாகத் தோன்றியது.

“வர மாட்டாரும்மா. எளிய வாசகன்னு யாரும் கிடையாது, அதுவும் நான்தான். என் கதைக்கு ஒரு பின்னூட்டம் குறைஞ்சுது, அதுக்காக ஆரம்பிச்சது இப்படி ஆயிடுச்சு. சார் என்னைக் குழுவை விட்டு எடுத்துடட்டும். அத்தனை பேர் முன்னாடி மானத்தை மட்டும் வாங்க வேண்டாம்னு சொல்லுங்க.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். புத்தகமும் போயிற்று, மனைவி படிப்பதும் போயிற்று. தன்னைப் படித்துக்கொண்டிருந்த அந்த நூற்றுச் சொச்சம் பேரும் இன்றோடு போய்விடுவார்கள்.

அந்த அம்மா திட்டவில்லை. மேசையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏங்க, குழுவுல நீங்களே வச்சுக்கிட்ட பேரெல்லாம் போக நெஜமான ஆளுங்க ரெண்டு பேர் இருக்காங்கன்னு குதிச்சீங்களே, ரெண்டும் ஒரே ஆளாம்.”