ஈயடக்கிச் சாமியும் இருபத்திரண்டாம் நம்பர் கட்டையும்

பெரியகுளத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்கு அந்தச் சித்திரையில் ஒரு சாமி வந்து இறங்கினார். பெயர் ஈயடக்கிச் சாமி. இமயமலையில் பன்னிரண்டு வருடம் ஒற்றைக்காலில் நின்றவராம். மலையாள மாந்திரீகம் என்றால் இந்தப் பக்கம் எடுபடாது. ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போய் மலையாளம் கற்றுவந்தவர்கள் இரண்டே வார்த்தையில் குட்டை உடைத்துவிடுவார்கள். இமயமலையில் என்ன பாஷை என்று யாருக்குத் தெரியும்?

சாமியின் சக்தி லேசுப்பட்டதல்ல. மாம்பழத்தில் புழு வைக்கிற பழ ஈக்களை மந்திரம் சொல்லியே கூப்பிடுவார். சிவப்புத் துணி சுற்றிய செப்புச் சொம்பைத் தோப்பு நடுவில் வைத்து, கண்ணை மூடி, "மக்ஷிகா வா! மக்ஷிகா வா!" என்பார். பத்தே நிமிடத்தில் நூறு நூறாக ஈக்கள் வந்து சொம்பில் அப்பும். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உத்தமபாளையத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். லோயர் கேம்ப்பிலிருந்து ஒரு குடும்பமே வந்தது. அவர்களுக்கு ஒரு மாங்கன்றுகூடக் கிடையாது. வீட்டில் ஈத்தொல்லை தாங்கவில்லையாம்.

இத்தனை ஆரவாரத்திலும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத ஒரே ஆள் முத்துப்பேச்சி. அவளுக்கு ஈ எண்ணுகிற வேலை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் வேலை. பழ ஈ ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் ஊர்த் தோப்புகளில் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்தில் ஊறவைத்த ஒரு சின்னப் பலகைக் கட்டை. அந்த வாசத்துக்கு ஈ வந்து விழும். செவ்வாய்க்கிழமைதோறும் முத்துப்பேச்சி பாட்டிலைக் கவிழ்த்து, எண்ணி, நோட்டில் எழுதுவாள். மாறிப்போகக் கூடாதென்று கட்டைகளில் அழியாத மையால் நம்பரும் போட்டிருந்தாள். ஊரில் அவளுக்கு 'ஈ டீச்சர்' என்று பட்டம்.

அவள் புருஷன் சின்னக்கருப்பு நல்ல மனுஷன். யார் என்ன சொன்னாலும் நம்புவான், பெண்டாட்டி சொல்வதைத் தவிர. போன வருடம் அவர்களுடைய இரண்டு ஏக்கர் மாங்காயும் புழு வைத்துவிட்டது. வியாபாரி வண்டியைத் தோப்பு வாசலிலேயே திருப்பிக்கொண்டு போய்விட்டார். இந்த வருடமும் அப்படியானால் மரங்களை அறுத்து மில்லுக்குப் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அந்தப் பயத்தில் அவன் சாமியைத் தோப்புக்கே கூட்டிவந்துவிட்டான்.

சாமி இரண்டு கட்டளை போட்டார். பாட்டில்களை எல்லாம் அவிழ்த்துத் தன்னிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் இருந்தால் மந்திரம் ஏறாது. இருபத்தோரு நாளைக்கு மரத்தடியில் விழுந்த காயை யாரும் தொடக் கூடாது. அது வனதேவதையின் பங்கு. சின்னக்கருப்பு இரண்டையும் சிரமேற்கொண்டான். ஊரும் அப்படியே செய்தது.

பத்தாம் நாள் முத்துப்பேச்சியால் பொறுக்க முடியவில்லை. விழுந்து கிடந்த காய் ஒன்றைக் கத்தியால் பிளந்து புருஷனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளேயிருந்து வெள்ளைப் புழு ஒன்று துள்ளி அவன் சட்டையில் விழுந்தது.

"இந்தா பாருங்க, தேவதைக்குப் படைச்ச பங்கு! விழுந்த காயை அன்னன்னைக்குப் பொறுக்கிப் புதைக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இந்தப் புழு பூராம் மண்ணுக்குள்ள போயி, ஈயா எந்திரிச்சு வந்து, மரத்துல நிக்கிறதையும் கெடுத்துரும். அறுப்புக்கு இன்னும் மூணு வாரம் கிடக்கு. ஒரு காய் தேறாது, சொல்லிட்டேன்."

"ஏய் பேச்சி, வாயைக் கழுவு. சாமி கூப்பிட்ட ஒடனே ஈ வந்துச்சா இல்லையா? நீயுந்தான பாத்த?"

"பாத்தேன். மோந்தும் பாத்தேன். அந்தச் சொம்புல கிராம்பு வாசம் அடிக்குது. செவ்வாக்கிழமை என் கையில அடிக்கிற அதே வாசம்."

"சாமி வெத்தலை போடுவாக."

"வாயில போடுவாகளா, சொம்புல போடுவாகளா?"

சின்னக்கருப்பு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான். பதில் இல்லாதபோது ஆண்பிள்ளைக்குத் துண்டு பெரிய ஒத்தாசை.

வெள்ளிக்கிழமை காலை அதே தோப்பில் இரண்டாவது பூஜை. சரியான கூட்டம். சாமி மான்தோலில் உட்கார்ந்தார். சிஷ்யன் விஜயபாண்டி சொம்பைத் தூக்கிவந்தான். முத்துப்பேச்சி தன் வீட்டுச் சொம்பையும் மூடி போட்ட ஒரு தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"சாமி, ஒரே ஒரு வேண்டுதல். மந்திரம் உங்க மந்திரமாவே இருக்கட்டும். சொம்பு மட்டும் எங்க வீட்டுச் சொம்பா இருக்கட்டும். உங்க சொம்பு அதுவரைக்கும் இந்த வாளிக்குள்ள பத்திரமா இருக்கும்."

விஜயபாண்டி பதறினான். "அது உருவேத்தின சொம்பும்மா!"

"அப்ப சக்தி சாமிக்கா, சொம்புக்கா?"

கூட்டம் முணுமுணுத்தது. சாமியின் முதல் பக்தர் ராக்கையா எழுந்து நின்றார். "ஆத்தா கேக்குறதுல என்னய்யா தப்பு? நம்ம சாமி ஓட்டைச் சட்டியிலகூட ஈயைக் கூப்பிடுவாக! கூப்பிடுங்க சாமி!" நாலு பக்கமும், "கூப்பிடுங்க சாமி!" என்று ஆர்ப்பரித்தார்கள். பாவம், சாமியை மாட்டிவிட்டதே பக்தர்கள்தான்.

செப்புச் சொம்பு வாளிக்குள் போனது. மூடி இறுகியது. சாமி கண்ணை மூடினார். "மக்ஷிகா வா!" பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. தொண்டை கட்டியது. கடைசியில் ஒரு ஈ வந்தது. நேரே வந்து சாமியின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

"அது வீட்டு ஈ. கணக்குல சேராது," என்றாள் ஈ டீச்சர்.

வாளியைத் திறந்து சொம்பின் சிவப்புத் துணியில் கை வைத்தாள். "தொட்டா கண்ணு அவிஞ்சுரும்!" என்று அலறினான் விஜயபாண்டி.

"அவிஞ்சா எண்ணுற வேலைதான போகும்? போகட்டும்."

துணியை உருவினாள். உள்ளே வேப்பிலைக்கு நடுவே ஒரு பலகைக் கட்டை. அதை எடுத்துப் புருஷன் கையில் வைத்தாள். "நம்பர் இருபத்திரண்டு. என் கையெழுத்து. நம்ம கிணத்து மேட்டு மரத்துல தொங்குனது. நீங்க அவுத்துக் குடுத்த பாட்டில்ல இருந்ததுதான்."

சின்னக்கருப்பு கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெட்கத்தில் காது மடல்வரை சிவந்துவிட்டது.

"அது... யாம் உருவேற்றிய கட்டை," என்றார் சாமி.

"அப்பிடியா?" சுற்றுமுற்றும் பார்த்தாள். வேலியோரம் யாரோ கழற்றி எறிந்த பிய்ந்த செருப்பு ஒன்று கிடந்தது. கட்டையை வாங்கி அதன்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். "மந்திரம் வேணாம். எல்லாரும் செத்த நேரம் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க, போதும்."

பத்து நிமிடத்தில் செருப்பு தெரியவில்லை. அவ்வளவு ஈ!

"நல்லா பாத்துக்கங்க. வந்ததெல்லாம் ஆம்பளை ஈ," என்றாள் முத்துப்பேச்சி. "தோப்பு பூராம் பாட்டில் கட்டினா ஆம்பளை ஈ அத்துப்போகும், முட்டை பொரியாது. ஒத்தைச் சொம்புல என்னாகும்? ஆம்பளை ஈ இங்கன வந்து சாமி கும்பிடும். பொம்பளை ஈ அங்கன காயில முட்டை வச்சுக்கிட்டிருக்கும்."

"எங்க வீட்லயும் அதே கதைதான் மதினி!" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிப் பார்த்தால் மான்தோலும், ஊரார் ஒப்படைத்த பாட்டில் மூட்டையும் மட்டும் கிடந்தன. பன்னிரண்டு வருடம் ஒற்றைக்காலில் நின்றவருக்கு இரண்டு காலும் பிரமாதமாக ஓடின. சிஷ்யனின் பைக்கை அவர் ரோட்டோரம் போய்த்தான் பிடித்தார்.

சின்னக்கருப்பு கூடையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் விழுந்த காய்களைப் பொறுக்க ஆரம்பித்தான். பாதிக் கூடை நிறைந்ததும் நிமிர்ந்தான்.

"ஏ புள்ள... குழி எம்புட்டு ஆழம் வெட்டணும்?"

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் யோசனை. "முழங்கால் ஆழம்," என்றாள். மரத்தில் இன்னும் முக்கால்வாசிக் காய் நின்றது. இன்றைக்கே பாட்டிலைக் கட்டினால் பிழைத்துவிடும்.

எல்லோரும் கலைந்தபின் ராக்கையா மட்டும் வேலியோரமாக நின்றுகொண்டிருந்தார். கை இரண்டும் கூப்பியபடி இருந்தன.

"ஆத்தா, இந்தச் செருப்பு யாருதுன்னு விசாரிச்சுச் சொல்லேன். நம்ம தோப்புலயும் ஒரு நா கொண்டுபோயி வைப்போம்னு பாக்குறேன்."

முத்துப்பேச்சி கட்டையை எடுத்துப் பாட்டிலுக்குள் போட்டுத் திருகினாள்.

"மாமா, ஈக்கு மோப்பம் பிடிக்க ரெண்டு மீசை மட்டுந்தான் இருக்கு. வாசம் வந்த பக்கம் பறந்துருது, அதைக் குத்தஞ்சொல்ல முடியாது. உங்களுக்கு மீசைக்கு மேல ஒரு தலையும் இருக்குல்ல? அது துண்டு கட்டுறதுக்கு மட்டுமில்ல, மாமா."