பல்லில் கடித்த பறி

கூச்சப்படுகிறவள் பொய் சொல்லக் கூடாது. பொய்யைக் காப்பாற்ற நாலு பேர் முன்னால் போய் நிற்க வேண்டிவரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசியில் எனக்கு முடக்குவாதம் வந்தது. விரலும் முட்டியும் வீங்கி, எங்கள் ஊரான தோணிரேவில் ஏரியில் இறங்கி இறால் தடவிப் பிடிக்கும் வேலை நின்றது. கூடவே மனசும் படுத்துக்கொண்டது. சோறு இறங்காது. பகலெல்லாம் சுவரைப் பார்த்தபடி கிடப்பேன். (அந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்று இன்றும் சொல்வேன்.)

வாராவாரம் மாத்திரை கொண்டுவரும் நர்ஸம்மா ஒரு நோட்டைக் கொடுத்தார். "வலி போனப்புறம் எழுந்துக்கலாம்னு இருக்காதீங்க. தினம் ஒரு சின்ன வேலை. எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க, செஞ்சா கோடு போடுங்க. நான் வந்து பேசறேன்."

அஞ்சாவது படித்தவளுக்குக் கோடு போடத் தெரியாதா? படுத்தபடியே போட்டேன். வாசல் வரை நடந்தேன், கோடு. மீன் ஆய்ந்தேன், கோடு. மூன்றே வாரத்தில், நோட்டுப்படி நான் கரைக்கே ஓடிக்கொண்டிருந்தேன்!

நர்ஸம்மா பூரித்துப்போனார். "அப்போ நாளைக்குத் தண்ணியில இறங்கலாமே! நானும் வரேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் நாத்தனார் ராணி என்னைத் தாங்கிக் கூட்டிப்போனாள். கரையில் தெருவே நின்றது.

எங்கள் பெண்கள் இறால் போடும் ஓலைக்கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். நானும் பறியைக் கடித்துத் தண்ணீரில் உட்கார்ந்தேன். நாலு இறால் கிடைத்தது. எழப் பார்த்தால் முட்டி பூட்டிக்கொண்டது. கத்தலாம்தான். வாயைத் திறந்தால் பறி போய்விடுமே! "ம்ம்ம்" என்றேன்.

"அண்ணி பாட்டு பாடுது நர்ஸம்மா!" என்றாள் ராணி. கரையில் கைதட்டல்.

அப்படியே சாய்ந்தேன். கழுத்துவரை தண்ணீர்.

"ஐயோ, இன்னா அண்ணி! பறிய வுடு, என் கையப் பிடி!"

விடவில்லை. பறியோடுதான் இழுத்துக் கரையில் போட்டார்கள். பிறகுதான் வாயைத் திறந்தேன். அழுகையும் உண்மையும் சேர்ந்தே வந்தன. "எல்லாம் பொய்க் கோடு நர்ஸம்மா. நான் வாசல்கூடத் தாண்டல."

நர்ஸம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. குனிந்து பறிக்குள் எட்டிப் பார்த்தார். "இந்த நாலு இறால் பொய்யில்லையே? சரி, நாளைக்கு உங்களால என்ன முடியும்? நெஜமா சொல்லுங்க."

யோசித்தேன். "வாசல் வரைக்கும்."

மறுநாள் போனேன். அதுதான் நோட்டின் முதல் நிஜக் கோடு.

வலி இன்னும் இருக்கிறது. சுவர் கூப்பிடும் நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் ராணி வந்து நின்று கேட்பாள்: "இன்னா அண்ணி, பறிய வுட்டுட்டியா?"

"ம்ம்ம்" என்று வாயைத் திறக்காமல் முனகிவிட்டு, வாசலுக்கு நடப்பேன்.