மாப்பிள்ளை வந்த அன்று மோட்டார் புகைந்தது

எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு வீட்டில் ஒரு ஃபியூஸ் போடத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. ஆபத்தே இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

என்னைப் பெண் பார்க்க வருகிற அன்று காலை, ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஃபிளாட்டின் தண்ணீர் மோட்டாருக்கு ஃபியூஸ் போய்விட்டது. மாடி டேங்க் காலி.

“ஆத்துல ஒரு சொட்டு ஜலம் இல்லே. வரவா கையலம்பக் கேட்டா என்னடி பண்றது?” என்றாள் அம்மா. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட அப்பா போனை எடுத்தார். பிடுங்கிக்கொண்டேன். (எலக்ட்ரிகலில் ரேங்க் ஹோல்டர் நான். அதாவது, வாங்கியிருக்க வேண்டியவள்.)

மோட்டார் மேல் ஐந்து ஆம்பியர் என்று போட்டிருந்தது. ஃபியூஸுக்குப் பதிலாக, கரண்ட் மிஞ்சினால் தானே விழுந்து நிறுத்துகிற பிரேக்கர் ஒன்றை, கொஞ்சம் தாராளமாக ஆறு ஆம்பியரில் வாங்கி மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் ‘டப்’ என்று விழுந்தது. மறுபடியும் ‘டப்’. அப்போதுதான் பாடம் நினைவுக்கு வந்தது. ஓடும்போது ஒரு கவளம் கேட்கிற மோட்டார், கிளம்பும்போது ஒரு பந்திச் சாப்பாட்டையே இழுக்கும். அதைத் தாங்க வேண்டாமா? கடையில் இருந்ததிலேயே பெரிய பிரேக்கரை வாங்கி மாட்டினேன். இனி விழவே விழாது என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன்.

விழவே இல்லை. அதுதான் வினை. மோட்டார் உள்ளே இறுகிப்போய்ச் சுற்றாமல் நின்றிருக்கிறது. பழைய ஃபியூஸ் போனதே அதனால்தான். அது ‘ம்ம்ம்’ என்று உறுமிக் கரண்டை இழுக்க, தடுக்க வேண்டிய பிரேக்கர் தேமே என்று நிற்க, இத்தனூண்டு பழைய ஒயர் புகைந்து உருகிவிட்டது. மொத்த ஃபிளாட்டிலும் கரண்ட் போச்சு. மாப்பிள்ளை வீட்டார் கார் அந்தப் புகைக்குள்தான் வந்து நின்றது. நான் பின்பக்கமாக ஓடிப்போய்ப் புடவையைச் சுற்றிக்கொண்டேன்.

ஃபேன் ஓடாத ஹாலில் மாப்பிள்ளையின் அப்பா பேப்பரால் விசிறிக்கொண்டே, “யார் பார்த்தா இந்த வேலையை?” என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். இந்தக் கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். (பையன் வேறு நன்றாக இருந்தான்.)

“யாரோ எலக்ட்ரீஷியன். அரைவேக்காடு,” என்றார் அப்பா.

“அடடா, நம்ம பொண்ணே எலக்ட்ரிகல் இன்ஜினியராச்சே. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

நான் காபியை நீட்டினேன். தலையே நிமிராததை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பையன் மட்டும் புகையில் என் காதோரம் அப்பியிருந்த கரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோபாலபுரத்தில் அந்தப் பையனுக்கே வாழ்க்கைப்பட்டுப் பல வருஷம் ஆயிற்று. “அந்த எலக்ட்ரீஷியன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...” என்று மாமனார் இன்றும் ஆரம்பிப்பார்.

“எங்கேயாவது நன்னா சாப்டுண்டு சௌக்கியமா இருப்பான்பா,” என்பார் என் கணவர், என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டபடி.