இடுகாட்டுப் பாதையில் சிங்கப்பூர்க் காசு

போன வருஷம் மாசி பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. குடுமியான்மலைக்கு அப்பால் ஒரு கிராமத்தில், கருவேலம் மூடிய பழைய பாதை ஒன்றில், கொய்ங்காரர் ஒரு சின்ன நாணயத்தைத் தோண்டி எடுத்தார். அரைக்கால் சட்டையில் துடைத்துப் பார்த்தார். அது நம் ஊர்க் காசு இல்லை. சிங்கப்பூர்க் காசு.

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே மண்ணுக்குக் காது கொடுத்துக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் வெல்டராக இருந்துவிட்டு, திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். வரும்போது பெரிய டிவி கொண்டுவருவார் என்று தெரு எதிர்பார்த்தது. அவர் கொண்டுவந்தது நீளக் கம்பியின் முனையில் தோசைக்கல்லை மாட்டியது போன்ற ஒரு கருவி. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ‘கொய்ங்’ என்று கத்தும். அங்கே லீவு நாளில் கடற்கரை மணலில் காசு தேடுவது அவருக்குப் பொழுதுபோக்காம். அதற்குப் பிறகு அவருடைய பெயரை யாரும் விசாரிக்கவில்லை.

முதல் வாரம் வீடு வீடாக வாசலில் கருவியை நீட்டினார். வீடு கட்டும்போது நிலைக்கு அடியில் காசு போட்டு வைப்பது நம் வழக்கம். பதினான்கு வீடுகளில் பன்னிரண்டில் கத்தியது.

“மிச்ச ரெண்டு வீட்டுல கொத்தனாரு காச அமுக்கிட்டாருங்க” என்று நடுத்தெருவில் நின்று அறிவித்தார்.

அந்த இரண்டில் ஒன்று என் வீடு. எனக்கு மூன்று இரவு தூக்கமில்லை.

கண்மாய் வற்றியதும் அதில் இறங்கினார். மாட்டு லாடம், சைக்கிள் பெல் மூடி, ஒரே ஒரு முறை சமஸ்தானத்துக் காலத்து அம்மன் காசு. “பழங்காசு கெடச்சா தாசில்தார்கிட்ட சொல்லணுங்க, கேஸாயிரும்” என்று நான் பதறினேன். “அப்ப நீங்களும் சாட்சிக்கு வாங்க சார்” என்றார் அமைதியாக. நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது காசு இல்லை. இருபத்தேழு வருஷத்துக்கு முன் அவருடைய ஆத்தா இறந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. தம்பிதான் காரியம் செய்தான். அவர் அடுத்த லீவில் வருவதற்குள் தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டான். அவருடைய சொந்த ஊரில் இடுகாட்டைத் தார்ச்சாலை ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய இடம் மூன்று ஏக்கர் முள்காடாகிவிட்டது. ஆத்தாவைப் புதைத்த இடம் எது என்று சொல்ல ஆளில்லை.

“ஒரு மால போடணும் சார். எங்கிட்டுன்னு போடுறது?” என்று ஒருநாள் கேட்டார். ஆத்தாவின் கையில் செப்புக் காப்பு ஒன்று இருந்ததாம். கழற்ற முடியாமல் அப்படியே புதைத்துவிட்டதாகத் தம்பி போனில் சொல்லியிருந்தான். அந்தக் காப்பைக் கருவி காட்டிக்கொடுக்கும் என்று அவர் நம்பினார்.

ஞாயிறுதோறும் பையில் ஒரு மாலையோடு கிளம்புவார். நானும் போவேன். புதையல் திருடன் என்று யாராவது அவரைப் பிடித்துக் கட்டிவைத்துவிடுவார்களோ என்ற கவலை எனக்கு. என் வலது முழங்காலுக்குள் ஸ்டீல் வைத்திருக்கிறார்கள். “சார், அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க. ஒங்க முழங்காலு கூப்பிடுது” என்று விரட்டுவார். இடுகாட்டுக்குள் கருவி வாயை மூடவே இல்லை. ஐந்து பைசா, பத்துப் பைசா, ஆணி. காப்பு மட்டும் இல்லை. திரும்பும்போது மாலையை பஸ் டிரைவரின் சாமி படத்துக்குப் போட்டுவிடுவார். ஆறு ஞாயிறு இப்படிப் போனது. ஏழாவது ஞாயிறுதான் அந்தச் சிங்கப்பூர்க் காசு.

“இந்தப் பாதையில நான் நடந்து முப்பது வருஷம் இருக்கும். இது எப்புடி இங்க வந்துச்சு?” என்று குழம்பினார். பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரரிடம் காட்டினோம்.

“இதுவா? ஒங்க ஆத்தா போனப்ப எறைச்சதுல்ல!” என்றார் அவர்.

பிணம் போகும் வழியெல்லாம் பொரியோடு சில்லறையும் இறைப்பார்கள். அதை யாரும் பொறுக்க மாட்டார்கள்.

“லீவுக்கு வாரப்பல்லாம் நீங்க குடுத்த காச ஒங்க ஆத்தா ஒரு பவுடர் டப்பாவுல சேத்து வச்சிருந்தாகளாம். ஒங்க தம்பி, ‘செல்லாத காசுதானே, நல்ல காச எதுக்கு வீணாக்கணும்’னு அதப் போட்டு எறைச்சாரு. நான் அப்பப் பொடிப்பய. ஒண்ணப் பொறுக்குனேன். எங்கப்பா முதுகுல வச்சாரு பாருங்க ஒண்ணு! போட்டுட்டு ஓடியாந்துட்டேன்.”

“கஞ்சப் பய சார் என் தம்பி” என்றார் கொய்ங்காரர். டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டார்.

இனிக் காப்பைத் தேட வேண்டியதில்லை. மற்ற காசுகளை விட்டுவிட்டுச் சிங்கப்பூர்க் காசை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், ஆத்தா போன வழி தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறு முள் வெட்ட இரண்டு ஆள் பிடித்தோம். காசு கிடைத்த இடத்திலெல்லாம் நான் ஒரு செங்கல் துண்டு வைத்தேன். வாய்க்கால் கரையோரம் ஒன்று. வளைவில் ஒன்று. ஓரிடத்தில் நான்கு சேர்ந்து கிடந்தன. “இங்க பாடையத் தோள் மாத்திருக்காக” என்றார் மெதுவாக. இடுகாட்டுக்குள் நுழைந்து கிழக்கு மூலைக்குப் போனோம். அங்கே மேடும் இல்லை, கல்லும் இல்லை. கருவி விடாமல் கத்தியது. மண் தள்ளும்போது மிச்சக் காசையெல்லாம் குழிக்குள் கொட்டியிருக்க வேண்டும்.

அவர் கருவியை அணைத்தார்.

“தோண்டிப் பாத்தாத்தானே காப்பு இருக்கான்னு தெரியும்?” என்றேன். எதையும் சரிபார்க்காமல் விட்டால் எனக்கு ஆகாது.

“வேணாம் சார். அது அவுகளுக்குக் குடுத்த காசு.”

வழியில் எடுத்த காசுகளையும் அங்கேயே மண்ணுக்குள் அழுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். மாலையைப் போட்டார்.

“லீவு கேட்டேன் ஆத்தா. தரல” என்றார்.

நான் முள் வெட்டியவர்களை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

சித்திரையில் அவர் அந்தக் கிராமத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் தெருவில் இப்போது எதுவும் கத்துவதில்லை. மாலை போட்ட அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்: “முள்ளு வெட்டுன கூலி, பஸ்ஸு, பேட்டரி, எல்லாம் இன்னைக்கு நீங்கதான் குடுத்தீங்க. எம்புட்டு ஆச்சு சார்? கணக்கு வச்சிருப்பீங்களே.”

“இல்லைங்க, வைக்கல” என்றேன்.

ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு ரூபாய்.