படத்துக்குப் பின்னிய சட்டை

ஊசிகள் இரண்டும் சேர்ந்து நான்கு கண்ணி பின்னியாயிற்று. வலது கை ஊசியை மடியில் கிடத்துகிறது. இடது கை காப்பிக் கோப்பையை ஒரு விரற்கடை நகர்த்தி, நூலுருண்டையை ஆட்டுத்தோல் விரிப்பின்மேல் தற்செயலாக ஓடிவந்ததுபோல் மூன்றாம் முறை உருட்டிவிடுகிறது. பிறகு இரண்டு கைகளும் கைப்பேசியைத் தூக்குகின்றன. ஒரு படம். ஐந்தாவது கண்ணி நாளைக்குத்தான்.

வாசகரே, கைவேலையைப் படத்துக்காகச் செய்யும் இனம் இது. எங்கள் பெர்கன் நகரில் மழைக்கு அடுத்தபடி அதிகம் காணக்கிடைப்பது. நான் காட்டும் மாதிரியின் பெயர் குன்வோர். அவளுடைய இணையப் பக்கத்துக்கு 'மெதுவான நாட்கள்' என்று பெயர். காலைக் கஞ்சி, பாதி முடைந்த கூடை, இணையத்தில் கண்டு ரசித்தவை என்று பிறர் செய்த பதினாறு பொருள்கள் எல்லாம் அதில் உண்டு. முடித்த பொருள்? அதைக் கேட்கக்கூடாது. புருஷன் ஒட்வார் மட்டும் தினமும் கோப்பையைத் தொடுமுன் கேட்பான்: "குடிக்கலாமா, இல்ல இன்னும் படம் பாக்கி இருக்கா?"

குன்வோரின் தங்கை மகள் சில்யே பிள்ளையுண்டாகியிருந்தாள். பிறந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவரும்போது போடுகிற சட்டை, குடும்பத்தில் ஒருவர் பின்னியதாக இருக்க வேண்டும். கடைச்சட்டை போட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நாற்பது வருடம் மறக்கவும்மாட்டார்கள். பதினோரு பேரக்குழந்தைகளுக்குப் பின்னிய சில்யேயின் மாமியார் நூல்கூட வாங்கிவிட்டாள். குன்வோர் விடவில்லை. அது தன் உரிமை என்றாள். மாமியார் நூலைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஆறு முறை பின்னினாள், ஐந்து முறை பிரித்தாள். சாம்பல் நிறம் படத்தில் அழுக்காகத் தெரிந்தது. நீலத்துக்கு மாறியபின் ஒரு டேனிஷ்காரியின் பக்கத்தில் இன்னும் வெளிறிய நீலம் கிடைத்தது. எட்டாம் மாதம் சில்யே தொலைபேசியில் கேட்டாள்:

"சட்டை எது வரைக்கும் வந்திருக்கு பெரியம்மா?"

"என் பக்கத்தைப் பாக்கறதில்லையா நீ?"

"பாத்தேன். எல்லாப் படத்துலயும் சட்டையோட அதே இடது கைதான் இருக்கு."

கடைசி முறை கழுத்துவரை வந்தபோது, வடக்கே ஏதோ தீவிலிருந்து ஒருத்தி படத்தின் கீழ் எழுதினாள், பச்சைக் குழந்தைக்குத் தலைதான் பெரிது, தோளில் திறப்பு விட்டு இரண்டு பொத்தான் வையுங்கள் என்று. தோளில்தான் நட்சத்திரக் கோலம் இருந்தது. பொத்தானுக்காக நட்சத்திரத்தை வெட்டுவதா? குன்வோர் அந்த வரியை அழித்தாள். கழுத்து படத்தில் அகலமாகத் தெரிந்ததால் இன்னும் ஆறு கண்ணி குறைத்தாள். குழந்தையின் தலையை யார் கண்டது? அது இன்னும் எந்தப் படத்திலும் வரவில்லையே.

குழந்தை பிறந்து, மருத்துவமனையிலிருந்து புறப்படும் நாள் வந்தது. வெளியே சாய்மழை. வண்டி வாசலில் நின்றது. குன்வோர் சட்டையை நீட்டினாள். நீட்டியவள் பிடியை விடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். சில்யே அதைக் குழந்தையின் உச்சியில் வைத்து மெல்ல இழுத்தாள். நெற்றியோடு நின்றது. இன்னொரு முறை இழுத்தாள். குழந்தை வீறிட்டது.

"இது தலைல எறங்காது பெரியம்மா."

குன்வோர் கைப்பேசியை எடுத்தாள்.

"அப்ப மேல சும்மா போர்த்தி வை. ஒரே ஒரு படம்."

குழந்தை மருத்துவமனைத் துண்டில் சுற்றப்பட்டு வீடு போய்ச் சேர்ந்தது. 'முதல் பயணம்' என்ற தலைப்பில் படம் அன்று மாலையே வெளிவந்தது. தோள் நட்சத்திரம் நெஞ்சின்மேல் கிடந்தது, துண்டின் ஓரம்கூடத் தெரியவில்லை. அறுநூற்று நாற்பது பேர் அதற்கு இதயம் போட்டார்கள்.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. அந்த அறுநூற்று நாற்பதில் ஒன்று உங்களுடையது இல்லை என்று கைப்பேசியைத் திறந்து பார்க்காமல் சொல்வீர்களா?