தவமணி மாமாவுக்கு நாங்கள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

சமூகத்தைத் திருத்தக் கிளம்புகிறவர்கள், முதலில் யாராவது ஒருவருடைய குடும்பத்தைக் குழப்பிவிட்டுத்தான் ஓய்கிறார்கள். நான் அதை ஒரு குறும்படத்தின் வழியாகச் செய்தேன்.

முதுகலை இறுதிப் பருவத்தில் குழுவாகச் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். எங்கள் குழுவுக்கு நான் இயக்குநர். (வேறு யாரும் பொறுப்பேற்க முன்வராததை ‘ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.) மதுரைச் சுவர்களில் இண்டு இடுக்கு விடாமல் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைக் கண்டிப்பதே படத்தின் நோக்கம். கோரிப்பாளையத்தில் எங்கள் தெருமுனைச் சுவரைப் பார்த்தே வளர்ந்தவள் என்பதால், இந்தச் சீரழிவு குறித்து எனக்குத் தீர்க்கமான கருத்துகள் இருந்தன.

இறந்தவராக நடிக்க, குழுவில் இருந்த முத்துப்பாண்டியின் தாய்மாமா தவமணி ஒப்புக்கொண்டார். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஊர். மகள் செல்விக்கு எத்தனையோ இடம் பார்த்துத் தட்டிப்போய், கடைசியாகக் கொட்டாம்பட்டியில் ஒரு சம்பந்தம் கூடிவந்திருந்தது. செல்விக்கும் மாப்பிள்ளையை மிகவும் பிடித்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பரிசம்.

விளைவுகளை முன்கூட்டியே எடைபோடுவது என் சுபாவம். படுத்திருக்க ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுக்கலாம் என்று முத்துப்பாண்டி சொன்னபோது, மூச்சு முட்டும் என்று மறுத்து பெஞ்சைப் போடச் சொன்னவள் நான். மாமாவிடமும் கேட்டேன்.

“மாமா, வீட்டுல விசேஷம் வச்சிருக்கீங்க. போஸ்டர்ல வேற பேரு, வேற போட்டோ போட்டுக்கிறோமே?”

“வேற எவன் மூஞ்சியவோ போட்டா எவன் நம்புவான்? எம்பேரயே போடுத்தா. கல்யாண பேனர்லகூட என்னய கடைசி வரிசையிலதேன் போடுறாய்ங்க. படம் எடுத்ததும் கிழிச்சிருவம். அம்புட்டுத்தான?”

புகைப்படத்தையும் வாசகத்தையும் முத்துப்பாண்டி அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வாங்கிவரப் போனது நான். அங்கிருந்த அண்ணன் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எப்புடிம்மா ஆச்சு?”

“திடீர்னுதான்ணே. மாரடைப்பு.”

“சொந்தபந்தமெல்லாம் எந்தப் பக்கம்?”

ஒரு கதாபாத்திரத்தின் பின்புலத்தில் அவர் காட்டிய அக்கறை என்னை நெகிழ்த்தியது. எங்கள் பேராசிரியர்கூட இவ்வளவு கேட்டதில்லை. “உசிலம்பட்டி சுத்துவட்டாரம் பூராம்ணே. மகளுக்குக் கொட்டாம்பட்டியில பேசி முடிச்சிருக்காங்க” என்று விரிவாகவே சொன்னேன்.

“அடப் பாவமே. நீ போயி ஆகவேண்டியதப் பாரும்மா. மத்தத நாங்க பாத்துக்கிறோம்.”

படப்பிடிப்புக்கு வேண்டிய நான்கைந்து தாள்களை வாங்கிக்கொண்டு நிறைவாகத் திரும்பினேன். இரங்கல் சுவரொட்டி அச்சிடும் இடத்திலேயே ஒட்டுவதற்கும் ஆள் உண்டு. துக்க வீட்டார் பசைவாளியோடு அலைய முடியாதல்லவா. சுவர்களைப் பற்றி அவ்வளவு ஆராய்ந்த எனக்கு இது மட்டும் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை, மாமா வீட்டு முற்றத்தில் போட்ட சாமியானாவுக்குக் கீழே, நெற்றியில் காசும் தாடையைச் சுற்றிக் கட்டிய துணியுமாக மாமா அருமையாகச் செத்துக் கிடந்தார். முத்துப்பாண்டி கேமராவை ஓடவிட்டான். அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாலையோடு பெண்கள் இறங்கி, மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். முன்னால் வந்த அம்மாளின் அழுகையில் அப்படியொரு இயல்பு. முத்துப்பாண்டி ஊர்ப் பெண்களை நடிக்க அழைத்துவந்திருக்கிறான் என்று எண்ணி மனதுக்குள் அவனைப் பாராட்டினேன். (அவனோ, நான்தான் அழைத்துவந்தேன் என்று எண்ணி என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தானாம்.)

ஒரு குறைதான்: அந்த அம்மாள் கேமராவை மறைத்தார். பணிவாக அருகில் போனேன்.

“அம்மா, ரொம்ப நல்லா அழுதீங்க. வேன்லருந்து இறங்கி இன்னொரு தடவை வாரீங்களா?”

அவர் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் பஞ்சவர்ணம், மாப்பிள்ளையின் தாயார். அந்த அமைதியில் மாமா ஒரு கண்ணைத் திறந்தார். விருந்தோம்பல் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. தாடைக்கட்டை இறக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்து கைகூப்பினார்.

“வாங்க சம்பந்தி, வாங்க.”

துக்க வீட்டில் வருகிறவர்களை யாரும் ‘வாங்க’ என்று அழைப்பதில்லை. இறந்தவரே அழைத்தால் என்ன செய்வது என்பதற்கு முறை எதுவும் வகுக்கப்படவில்லை. கூட்டத்தில் பாதி வேனுக்குள் ஏறிவிட்டது.

எல்லாம் விளங்கிய பிறகு பஞ்சவர்ணம் உட்கார மறுத்தார். “எங்க ஊரு டீக்கடச் சுவத்துல சிரிச்சுக்கிட்டு இருக்காரு. பரிசத்துக்கு முந்தியே சம்பந்தி போய்ச் சேந்துட்டாருன்னு ஊரே பேசியாச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் தட்டு தூக்குறது?”

எங்களுக்காகத் தேநீர் கொண்டுவந்த செல்வி என் காதருகே குனிந்தாள். “யக்கா, இது மட்டும் நின்னுச்சு, உன்னய வச்சு நான் ஒரு படம் எடுப்பேன். அதுல நிசமாவே ஒருத்தி சாவா.”

நான் கொட்டாம்பட்டிக்கு வந்து வீடு வீடாக விளக்கமளிக்க முன்வந்தேன்.

“நீ வீடு வீடா வந்தா அடுத்த எழவு யாருன்னு கேப்பாக” என்றார் பஞ்சவர்ணம். “எங்கெங்க செத்தாருன்னு ஒட்டுனீகளோ, அங்கயெல்லாம் உசுரோட இருக்காருன்னு ஒட்டுங்க. இதவிடப் பெருசா ஒட்டுங்க. ஒங்க மூஞ்சிகளையும் போடுங்க. ஊரு படிக்கட்டும். பெறகு வாரோம்.”

மறுபடியும் அச்சகத்துக்குப் போனேன். “பெரியவரு எந்திருச்சுட்டாராம்மா?” என்று அந்த அண்ணன் உண்மையான மகிழ்ச்சியோடு கேட்டார். அவசரத்தில் பழைய வடிவத்தையே திருத்தி, ‘தவமணி அவர்கள் பூரண நலத்துடன் உள்ளார்’ என்று போட்டார். கண்ணீர் வடிக்கும் இரண்டு கண்களை மட்டும் எடுக்க மறந்துவிட்டார். கீழே நாங்கள் கைகூப்பி நின்றோம். சுவரொட்டியை எதிர்க்கப் போன நாங்கள், வழிநெடுகச் சுவர்களுக்கு இரண்டு அடுக்குத் தாளை வழங்கினோம்.

வெள்ளிக்கிழமை பரிசம் நடந்தது. பஞ்சவர்ணம் தட்டை இறக்கி வைப்பதற்கு முன் மாமாவின் கையைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அழுத காட்சியைப் படத்தில் வைத்துக்கொள்ளவும் பிற்பாடு சம்மதித்தார். நடிகர் தேர்வுக்காக எங்கள் துறை எனக்குத் தனியாகப் பாராட்டுத் தெரிவித்தது. மறுக்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

செல்வியின் கைப்பேசியில் என் எண் இன்றும் ‘எமன் அக்கா’ என்றுதான் இருக்கிறது. தாய்வீட்டுக்கு அவள் வந்திருக்கும் நேரத்தில் நான் அழைத்தால், “அப்பா, எமன் அக்கா பேசுது” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எடுத்துப் பேசுவாள். உள்ளேயிருந்து மாமாவின் குரல் நிதானமாக வரும்.

“இருக்கேன்னு சொல்லு.”